மூன்று பக்கமும் வேலி போட்ட மாவட்டம்

போன இதழில் ஜெர்மனியின் லூனபர்க் நகரத்தின் உப்பு வணிகம் பற்றி எழுதியபோது, "இங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் போல ரயிலில் போனால் வென்ட்லாண்ட், என் புகுந்த வீடு, அது தனிக் கதை" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். உப்பைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கடிதங்கள் வந்திருக்கின்றன. சரி, இந்த மாதம் முழுக்க அந்தத் தனிக் கதையே.

வென்ட்லாண்ட் என்பது நாடா, மாநிலமா? மேப்பில் தேடினேன், எல்லைக்கோடு எதுவும் காட்டவில்லை. (வாசகர், திருவாரூர்)

வென்ட்லாண்ட் என்பது வாய்வழக்கில் உள்ள வட்டாரப் பெயர். அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் லூஹோ-டானன்பெர்க் மாவட்டம். அப்படித் தேடினால் கிடைக்கும். ஹாம்பர்க் நகரத்துக்குத் தென்கிழக்கே, கீழ்ச் சாக்சனி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கிற பகுதி. வடக்கிலும் கிழக்கிலும் எல்பெ ஆறு. மேற்கே டிராவேன் என்ற மணல் குன்றுத்தொடர். அதில் ஆக உயரமான ஹோஹர் மெஹ்டீன் வெறும் 142 மீட்டர். அதையும் 'மலை' என்றுதான் இங்கே சொல்வார்கள், சிரிக்கக் கூடாது. நடுவே யேட்செல் என்ற சிற்றாறு தெற்கிலிருந்து வடக்கே ஓடி, ஹிட்ஸாக்கர் என்ற ஊரில் எல்பெயில் கலக்கிறது. வடமேற்கு மூலையில் கோர்டெ என்ற பெருங்காடு, ஹானோவர் அரச குடும்பம் வேட்டைக்கு வந்த காடு.

பரப்பளவு 1,200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மக்கள்தொகை 50 ஆயிரத்தைத் தொடாது. ஜெர்மனியில் 294 ஊரக மாவட்டங்கள் இருக்கின்றன. ஆள் எண்ணிக்கையில் கடைசி இடம் இதற்குத்தான். ஆட்டோபான் என்னும் அதிவேக நெடுஞ்சாலை ஒரு கிலோமீட்டர்கூட இதற்குள் ஓடவில்லை. மாவட்டத் தலைநகரான லூஹோவுக்குப் பயணிகள் ரயிலும் கிடையாது. ரயில் டானன்பெர்க் வரை வந்து அங்கேயே நின்றுவிடும். ஏன் அங்கேயே நிற்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதற்கும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

அங்கேயும் கலெக்டர் உண்டா? மாவட்டம் என்றால் என்ன வேலை பார்க்கும்? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி, தென்காசி)

மாவட்டத் தலைவருக்கு 'லாண்ட்ராட்' என்று பெயர். மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல; கீழ்ச் சாக்சனியில் மக்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மாவட்ட மன்றம், அதுவும் தேர்தல் வழிதான். வண்டிப் பதிவு, குப்பை அள்ளுதல், ஆம்புலன்ஸ், மேல்நிலைப் பள்ளிக் கட்டடங்கள், வீடு கட்ட அனுமதி, குழந்தைகள் நலன், ஓட்டல் சமையலறைச் சோதனை என்று அன்றாடத் தலைவலி எல்லாம் இவர்கள் கையில். போலீஸ் மாநிலத்தின் பொறுப்பு. அணுசக்தி போன்ற பெரிய விஷயங்கள் மத்திய அரசின் பொறுப்பு. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள்.

தேர்வுக்கு வேண்டுமானால்: ஹானோவர் அரசை 1866ல் பிரஷ்யா விழுங்கிய பிறகு, 1885ல் லூஹோ, டானன்பெர்க் என்று இரண்டு தனித்தனி மாவட்டங்களாக ஆக்கினார்கள். 1932 அக்டோபர் 1 அன்று செலவைக் குறைக்க இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இப்போது மாவட்டத்துக்குள் 27 சிறு ஊராட்சிகள். தனித்தனியாக அலுவலகம் நடத்தக் கட்டுப்படியாகாது என்பதால், மூன்று கூட்டு நிர்வாகங்களாகச் சேர்ந்து ஒரே அலுவலகம், ஒரே எழுத்தர்கள் என்று சமாளிக்கிறார்கள். நகரம் என்ற தகுதி ஐந்து ஊர்களுக்கு உண்டு. அதில் ஷ்னாக்கன்பூர்க்கைப் பார்த்தால் இது நகரமா என்று கேட்பீர்கள்; சில நூறு பேர்தான் மொத்தம்.

ஜெர்மனியில் இருக்கும் என் மகன் அனுப்பிய படத்தில் கார் நம்பர் 'டி.ஏ.என்.' என்று தொடங்குகிறது. இதுவா அந்த மாவட்டம்? (வாசகர், காரைக்குடி)

அதேதான். இணைந்த இரண்டு ஊரில் தலைநகரம் லூஹோவுக்கு, நம்பர் பிளேட் டானன்பெர்க்குக்கு. லூஹோக்காரர்களான என் புகுந்த வீட்டார் இந்தப் பங்கீட்டை இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

வட்ட வடிவக் கிராமங்கள் என்று ஒரு காணொளி பார்த்தேன். சினிமா செட் மாதிரி இருந்தது. நிஜமா? (வாசகி, ஈரோடு)

நிஜம். லூஹோவைச் சுற்றி மேற்கிலும் தெற்கிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சாட்டெமீன், லூபெல்ன், ஷ்ரேயான், கோலன் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஊருக்குள் போக ஒரே வழி. உள்ளே போனால் நடுவில் வெட்டவெளி, ஓக் மரமோ எலுமிச்சைப்பூ மணம் வீசும் லிண்டன் மரமோ ஒன்றிரண்டு. அதைச் சுற்றி எல்லா வீடுகளும் முகப்பை நடுவெளியைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குப் பின்னே நிலம் விரிந்துகொண்டே போகும். மேலிருந்து பார்த்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி இருக்கும்.

ஏன் இப்படி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எதிரியைத் தடுக்க, ஓநாயிடமிருந்து மாட்டைக் காக்க, பழைய ஸ்லாவிய வழக்கம் என்றெல்லாம். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இப்போது சொல்வது, 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பிரபுக்கள் இந்தப் பகுதியைக் கைப்பற்றியபோது, ஸ்லாவிய உழவர்களைத் திட்டமிட்டு அளந்து குடியேற்றிய முறை இது என்பதுதான். எனக்கும் அதுவே பொருந்தி வருகிறது. தானாக வளர்ந்த ஊர் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. பல ஊர்களில் தேவாலயம் வட்டத்துக்கு வெளியே தள்ளி நிற்பதையும் கவனியுங்கள். சாட்டெமீனில் அப்படித்தான்.

வீடுகள் நீங்கள் காணொளியில் பார்த்த அளவுக்குப் பழையவை அல்ல. பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டு. சாட்டெமீன் 1850ல் தீப்பிடித்து எரிந்தது. இப்போது நிற்கிற முகப்புகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுப்பியவை. ஆனால் கட்டுமுறை பழையது. ஆளும் மாடும் விளைச்சலும் ஒரே கூரைக்குக் கீழே. நடுவில் வைக்கோல் வண்டி அப்படியே உள்ளே ஓடுகிற அளவு பெரிய கதவு, நுழைந்தால் களம், இரண்டு பக்கமும் தொழுவம், பின்கோடியில் அடுப்பும் குடும்பமும். பழைய வீடுகளில் புகைபோக்கி இல்லை. புகை மேலே ஏறி, தொங்கவிட்ட பன்றித் தொடையைப் பதப்படுத்தி, பரணில் இருக்கும் தானியத்தை உலர்த்திவிட்டுக் கூரை வழியே வெளியேறும்.

அந்தப் பெரிய கதவுக்கு மேலே குறுக்காக ஓடும் ஓக் உத்தரத்தை நின்று படியுங்கள். என் மாமியார் வீட்டில் அதில் ஒரு வேதாகம வசனம், கட்டியவரின் பெயர், அவர் மனைவியின் பெயர், அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர், உத்தரம் ஏற்றிய நாள், தச்சரின் பெயர் எல்லாம் செதுக்கியிருக்கிறது. எழுத்துகளுக்கு வெள்ளை, பின்னே கரும்பச்சை. சில வருடங்களுக்கு ஒரு முறை மாமியார் ஏணி போட்டு ஏறி, மெல்லிய தூரிகையால் எழுத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டுவார். பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை ஒரு தடவை அழுத்தித் தீட்டுவார் என்பது என் சந்தேகம்.

இவ்வளவு வீடுகள் எப்படித் தப்பின என்று கேட்டால், காரணம் வறுமைதான். இங்கே கைத்தறி லினன் துணிதான் ஒரு காலத்தில் கைக்காசு. ஆலைத் துணி வந்ததும் அது படுத்தது. பணம் இருந்த மற்ற ஊர்க்காரர்கள் பழைய வீட்டை இடித்துச் செங்கல் மாளிகை எழுப்பினார்கள். இவர்களிடம் இடிக்கவும் காசில்லை. அப்புறம் 1960களிலிருந்து பெர்லின், ஹாம்பர்க் ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்து பாழடைந்து கிடந்த வீடுகளை மலிவாக வாங்கிச் சீர்செய்தார்கள்.

லூபெல்னில் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போங்கள். மற்ற ஊர்களில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்க்காதீர்கள்.

ஸ்லாவிய உழவர்கள் என்றால், அவர்கள் மொழி என்னவாயிற்று? (தமிழாசிரியர், ஓய்வு, கும்பகோணம்)

ஐயா, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்.

எல்பெயை ஒட்டி வாழ்ந்த இந்த ஸ்லாவியர்களை ஜெர்மானியர்கள் 'வெண்டுகள்' என்றார்கள். அவர்கள் பேசியது போலந்து மொழிக்கு உறவான ஒரு மேற்கு ஸ்லாவிய மொழி. அறிஞர்கள் அதற்கு 'போலாபியன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லா இடத்திலும் இது மறைந்த பிறகும் இந்த மூலையில் மட்டும் 18ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. பெரிய சாலை, பெரிய சந்தை, வெளியாள் போக்குவரத்து எதுவும் இல்லாததே அதற்கும் காரணம்.

அது போகிற நேரத்தில் சிலர் விழித்துக்கொண்டார்கள். ஹானோவர் அரசவையில் இருந்த தத்துவஞானி லைப்னிட்ஸ் ஆர்வப்பட்டு விசாரிக்க, 1691ல் லூஹோவிலிருந்து அவருக்கு மாதிரிச் சொற்கள் போயின. வூஸ்ட்ரோ என்ற சிற்றூரின் பாதிரியார் கிறிஸ்டியான் ஹென்னிக் சொல் சேர்க்கத் தொடங்கினார். சேர்த்ததெல்லாம் தீயில் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கிளென்னோ என்ற ஊரின் உழவர் ஒருவரை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு ஜெர்மன்-வெண்டிய அகராதி ஒன்றை எழுதினார். அதன் முன்னுரையில் அவர் சொல்வது: முதியவர்கள் சிலர்தான் இதைப் பேசுகிறார்கள், அதையும் பிள்ளைகள் எதிரில் பேசுவதில்லை, ஏனென்றால் இளசுகள் சிரிக்கிறார்கள்.

ஹென்னிக் படித்தவர், வெளியூர்க்காரர். என் மனதில் நிற்பவர் இன்னொருவர். ஸூட்டன் கிராமத்து உழவர், சத்திரமும் வைத்திருந்தவர், யோஹான் பாரும் ஷுல்ட்ஸெ. 1677ல் பிறந்தவர். விளைச்சல், வரி, வானிலை, ஊர்ச் சண்டை என்று நாளேடு மாதிரி எழுதி வந்தவர், இடையே தன் மொழியின் சொற்களையும் குறித்துவைத்தார். தனக்கு 47 வயது ஆகிறது, தானும் இந்த ஊரில் இன்னும் மூன்று பேரும் போய்விட்டால், நாய்க்கு வெண்டிய மொழியில் என்ன பெயர் என்றுகூட யாருக்கும் சரியாகத் தெரியாது என்று எழுதியிருக்கிறார். அவர் 1740ல் இறந்தார். 1756ல் வூஸ்ட்ரோ தேவாலயப் பதிவேட்டில் 88 வயது மூதாட்டி ஒருவரின் இறப்பைக் குறிக்கும்போது, வெண்டிய மொழியை நன்றாகப் பேசவும் பாடவும் தெரிந்த கடைசி ஆள் என்று எழுதிவைத்தார்கள்.

பேச்சில் இன்று ஒன்றும் மிச்சமில்லை. ஊர்ப் பெயர்களும் குடும்பப் பெயர்களும் மட்டும் இருக்கின்றன. மாமனார் தலைமுறை வீட்டில் பேசியது 'பிளாட்' என்ற கீழ் ஜெர்மன். அதையும் இப்போது பேரப்பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

டானன்பெர்க்கில் டென்மார்க் ராஜாவை அடைத்துவைத்தார்களாமே? (வாசகர், மதுரை)

ஆமாம், இரண்டாம் வால்டமார். 1223ல் ஒரு சிறு தீவில் வேட்டை முடித்துக் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரையும் அவர் மகனையும் ஷ்வெரீன் பிரபு ஹைன்ரிஷ் இரவோடு இரவாகத் தூக்கிவந்துவிட்டார். சிறைவைத்த இடங்களில் ஒன்று டானன்பெர்க். 1225 இறுதியில்தான், பெரும் தொகையும் நிலமும் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகு, ராஜா வெளியே வந்தார். வட ஜெர்மனியில் டென்மார்க்கின் செல்வாக்கு அதோடு சரிந்தது. கோட்டை போய்விட்டது. உருண்டையான செங்கல் கோபுரம் ஒன்று மட்டும் நிற்கிறது, வால்டமார் கோபுரம் என்று பெயர், உள்ளே அருங்காட்சியகம்.

லூஹோவிலும் இதே கதிதான். 1811ல் ஊரே எரிந்தது, கோட்டையும் சேர்ந்து போனது, கோபுரம் மட்டும் மிச்சம். நெப்போலியன் காலத்தில் இன்னொரு சம்பவம்: 1813 செப்டம்பர் 16 அன்று கோர்டெ காட்டோரம் பிரெஞ்சுப் படை தோற்கடிக்கப்பட்டது. அந்தச் சண்டையில் குண்டடிபட்ட ஒரு பிரஷ்ய வீரரைப் பரிசோதித்தபோதுதான் ஆண் வேடத்தில் சேர்ந்த பெண் என்று தெரிந்தது. எலியனோரே புரோஹாஸ்கா. மூன்று வாரத்தில் டானன்பெர்க்கில் இறந்தார், கல்லறை அங்கேயே இருக்கிறது.

ரயில் ஏன் டானன்பெர்க்கோடு நிற்கிறது? எல்லை வேலி போட்டிருந்த காலத்தில் உங்கள் புகுந்த வீட்டார் எப்படி வாழ்ந்தார்கள்? (வாசகி, கோயம்புத்தூர்)

அந்த ரயில் பாதை 1870களில் எல்பெக்குக் குறுக்கே டோமிட்ஸ் ஊரில் பாலம் கட்டிக் கிழக்கே போனது. 1936ல் பக்கத்திலேயே சாலைப் பாலமும் வந்தது. 1945 ஏப்ரலில், போர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, இரண்டும் உடைந்தன. அப்புறம் அக்கரை சோவியத் வசம், இக்கரை பிரிட்டிஷ் வசம். யார் கட்டுவார்கள்? மேற்குக் கரையில் இரும்பு வளைவுகள் வரிசையாக வந்து, ஆறு தொடங்கும் இடத்தில் அறுந்து நிற்கின்றன. முகப்பில் கோட்டை மாதிரி செங்கல் கட்டடம், துப்பாக்கி நீட்டத் துளைகளோடு. 2010ல் அதை ஏலத்தில் விட்டார்கள்; நெதர்லாந்துக்காரர் ஒருவர் எடுத்தார். சாலைப் பாலத்தை மட்டும் 1992 டிசம்பரில் புதிதாகத் திறந்தார்கள். ரயில் திரும்ப வரவே இல்லை.

நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்துக்கு வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனி. மேற்குப் பக்கம் மட்டும்தான் திறப்பு. மாமனார் பையனாக இருந்தபோது, தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் சால்ட்ஸ்வேடெல் சந்தைக்கு அவருடைய தாத்தா மாட்டு வண்டியில் போய்வந்த கதையைச் சொல்வாராம். பையனுக்கு அது நிலாவுக்குப் போய்வந்த கதை. முதலீடு போட எந்த ஆலைக்காரரும் பெரிதாக வரவில்லை. படித்த பிள்ளைகள் மேற்கே போனார்கள்.

ஆற்றில் எல்லைக்கோடு எங்கே என்பதிலேயே தகராறு. நடு ஆறு என்றது கிழக்கு. கிழக்குக் கரை வரை எங்களுடையது என்றது மேற்கு. 1966 அக்டோபரில் கோர்லேபன் அருகே மேற்கின் ஓர் அளவைப் படகை மறிக்கக் கிழக்கின் படகுகள் வர, பிரிட்டிஷ் படையும் கரையில் வந்து நின்றது. குண்டு வெடிக்காமல் முடிந்தது. 1989 வரை இந்தக் கோட்டுத் தகராறு தீரவில்லை. பிறகு கோடே போய்விட்டது. ஷ்னாக்கன்பூர்க்கில், படகுகளைச் சோதித்த அந்தச் சின்னத் துறைமுகத்தில், எல்லை அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். காவல் படகு, வேலிக் கம்பி, சீருடை எல்லாம் பார்க்கலாம்.

ஆள் நடமாட்டம் இல்லாத அந்த எல்லைப்பட்டையில் கொக்கு, நாரை, வெண்வால் கழுகு, நீர்நாய் எல்லாம் பெருகின. எல்பெ சமவெளி 2002 முதல் உயிர்க்கோளக் காப்பகம்.

கோர்லேபன் அணுக்கழிவுப் போராட்டத்தில் கடைசியில் மக்கள் ஜெயித்தார்களா இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள். (வாசகர், திருநெல்வேலி)

ஒரே வரியில்: சுரங்கம் மூடப்படுகிறது, ஆனால் கழிவு அங்கேயேதான் இருக்கிறது.

அந்த வரி புரிய இன்னும் சில பத்தி வேண்டும். கோர்லேபன் எல்பெ அருகில் சில நூறு பேர் வாழும் கிராமம். 1977 பிப்ரவரி 22 அன்று மாநில முதல்வர் எர்ன்ஸ்ட் ஆல்பிரெக்ட், எரிந்த அணு எரிபொருளைச் சுத்திகரிக்கும் ஆலையும், கழிவை நிரந்தரமாகப் புதைக்கும் உப்புச் சுரங்கமும் அங்கேதான் என்று அறிவித்தார். நிலத்துக்கடியில் பெரிய உப்புப் பாறைத் திரள் இருக்கிறது என்பது சொன்ன காரணம். ஆள் குறைவு, மூன்று பக்கமும் எல்லை, எதிர்க்க யாரும் இல்லை என்பது ஊர் புரிந்துகொண்ட காரணம். 1975 ஆகஸ்டில் அந்தப் பக்கத்துக் காடு பெருந்தீயில் எரிந்திருந்ததால் நிலமும் வெட்டவெளியாகக் கிடந்தது. ஆனால் காட்டில் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரரான கார்ட்டோவின் பெர்ன்ஸ்டார்ஃப் பிரபு, எத்தனை கோடி காட்டியும் விற்க மறுத்துவிட்டார். நிலப்பிரபுவும் நீளமுடி மாணவரும் ஒரே பக்கம் நின்ற போராட்டம் வேறு எங்கே நடந்திருக்கும்?

1979 மார்ச்சில் உழவர்கள் டிராக்டரில் ஹானோவருக்குக் கிளம்பினார்கள். ஒரு வாரப் பயணம். வழியில் இருக்கும்போதே, 28ஆம் தேதி, அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்துச் செய்தி வந்தது. 31ஆம் தேதி ஹானோவரில் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். மே மாதம் ஆல்பிரெக்டே, சுத்திகரிப்பு ஆலையை அரசியல்ரீதியாக நிறைவேற்ற முடியாது என்று கைகழுவினார். உப்புச் சுரங்க ஆய்வை மட்டும் விடவில்லை. 1980 மே 3 அன்று போராட்டக்காரர்கள் துளையிடும் இடத்தையே பிடித்து, மரக்குடில்கள் கட்டி, 'சுதந்திர வென்ட்லாண்ட் குடியரசு' என்று பலகை வைத்தார்கள். தனி பாஸ்போர்ட் அடித்தார்கள், வானொலி நடத்தினார்கள். பிற்காலத்தில் நாட்டின் சான்சலர் ஆன கெர்ஹார்ட் ஷ்ரோடர் அப்போது இளைஞர் அணித் தலைவர். அவரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். 33 நாள். ஜூன் 4 அன்று பெரும் போலீஸ் படை வந்து எல்லாவற்றையும் புல்டோசரால் தள்ளியது.

மாவட்டம் முழுக்க ஒரே குரலில் எதிர்த்தது என்று சில படங்கள் காட்டும். அப்படி இல்லை. மாவட்ட மன்றத்தில் நெடுங்காலம் ஆதரவாளர்களுக்கே பெரும்பான்மை. இடத்தைத் தந்ததற்கு ஈடாக மாவட்டத்துக்கும் உள்ளூர் ஊராட்சிகளுக்கும் 'கோர்லேபன் பணம்' வந்தது. வேலையும் வந்தது. மாமனார் 1979ல் டிராக்டர் ஓட்டிப் போனவர். அவருடைய தம்பி, வேலை வந்தால் பிள்ளைகள் ஊரோடு இருப்பார்களே என்றவர். சின்ன மாமனார் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் இப்போது ஹாம்பர்க்கில். அண்ணன் தம்பி இருவரும் பல வருடம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் வானிலை மட்டும் பேசினார்களாம்.

அப்புறம் 'காஸ்டர்' என்னும், அணுக்கழிவு அடைத்த இரும்புப் பீப்பாய்கள். 1995 முதல் 2011 வரை 13 தடவை வந்தன. பெரும்பாலும் பிரான்சின் லா ஹாக் ஆலையிலிருந்து ரயிலில் டானன்பெர்க், அங்கே கிரேன் வைத்து லாரிக்கு மாற்றி, கடைசி 20 கிலோமீட்டர் சாலையில். உழவர்கள் டிராக்டரைக் குறுக்கே நிறுத்துவார்கள், வைக்கோல் நிரப்பிய சாக்கில் ஆயிரக்கணக்கானோர் சாலையில் உட்காருவார்கள், காங்கிரீட் கூம்புக்குள் கையைச் சங்கிலியால் பூட்டிக்கொள்வார்கள். 2011ன் கடைசி வண்டி வந்துசேர ஐந்து நாளுக்கு மேல் ஆயிற்று. நவம்பர் குளிர். என் மாமியார் உருளைக்கிழங்கு சூப்பைப் பால் கேனில் நிரப்பிக் கொண்டுபோய் ஊற்றுவார். போலீஸ்காரப் பையன் நடுங்கினால் அவனுக்கும் ஒரு கிண்ணம். "அவன் அம்மா எங்கேயோ கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள்" என்பார்.

2020 செப்டம்பர் 28 அன்று, நிரந்தரப் புதைகுழிக்கு நாடு முழுக்க இடம் தேடும் புதிய தேடலின் முதல் அறிக்கையிலேயே, நிலவியல் காரணத்தால் கோர்லேபன் உப்புப் பாறை பொருந்தாது என்று நீக்கிவிட்டார்கள். போராட்டக்காரர்கள் பக்கமிருந்த புவியியலாளர்கள் 1980களிலேயே இதைத்தான் சொன்னார்கள். 2021ல் மூடும் முடிவு வந்தது. 2024 இறுதியில், தோண்டியெடுத்து மலையாகக் குவித்த சுமார் 4 லட்சம் டன் உப்பைத் திரும்பச் சுரங்கத்துக்குள் கொட்டத் தொடங்கினார்கள். ஆனால் தரைக்கு மேல் ஒரு கொட்டகையில் 113 பீப்பாய்கள் நிற்கின்றன. அனுமதி 2034 வரை. நாட்டுக்கான நிரந்தரப் புதைகுழி எங்கே என்று அதற்குள் முடிவாகி, தோண்டி முடிப்பதற்கு வழியே இல்லை. அதனால்தான் வாசல்களில் இன்னும் போராட்டச் சின்னமான மஞ்சள் வண்ண மரப் பெருக்கல் குறி நிற்கிறது. மாமனார் வீட்டில் இருப்பது மூன்றாவது குறி. முந்தைய இரண்டும் உளுத்துப்போயின.

வெள்ளம் வருமா? (வாசகர், கடலூர்)

கடலூர்க்காரரிடம் வெள்ளத்தைப் பற்றி நான் என்ன சொல்ல! ஹிட்ஸாக்கர் பழைய நகரம் யேட்செல் கிளைகளுக்கு நடுவே ஒரு தீவு. எல்பெ ஏறினால் யேட்செல் வடிய முடியாமல் பின்வாங்கி வீட்டுக்குள் வந்துவிடும். 2002 ஆகஸ்டிலும் 2006லும் வீதியில் படகு விட்டார்கள். 2008ல் சுவரும் மதகும் நீரேற்று நிலையமும் கட்டி முடித்தார்கள். 2013 ஜூனில் நீர்மானியில் 8 மீட்டரைத் தாண்டி, அதுவரை காணாத உயரம் வந்தது. பழைய நகரம் நனையவில்லை. சுவர் வேண்டாம், ஆற்றுப் பார்வை போய்விடும் என்று சண்டை போட்டவர்களும் அந்த வாரம் மணல் மூட்டை அடுக்கினார்கள்.

அங்கே வேலை கிடைக்குமா? (பல வாசகர்கள்)

செவிலியர், மருத்துவர், முதியோர் பராமரிப்பு: கிடைக்கும், ஜெர்மன் நன்றாகப் பேசினால். மென்பொருள்: வீட்டிலிருந்து வேலை செய்வதானால் வாருங்கள், வாடகை குறைவு. வேறு கற்பனை வேண்டாம்.

கார் இல்லாமல் சுற்றிப் பார்க்க முடியுமா? எந்த மாதம் வரலாம்? (வாசகி, சென்னை)

மே மாதம், இயேசு விண்ணேற்ற நாளுக்கும் பெந்தகோஸ்துக்கும் நடுவே வாருங்கள். அந்த நாட்களில் ஊர் ஊராக வீட்டு முற்றங்களையும் பட்டறைகளையும் திறந்து வைத்து, குயவர், கொல்லர், ஓவியர், கச்சேரி என்று 'கலாச்சாரக் கிராம உலா' நடக்கும். அணு எதிர்ப்பு இயக்கத்திலிருந்து 1980களின் இறுதியில் கிளம்பியது. இப்போது மாவட்டத்தின் பெரிய திருவிழா. அறை கிடைப்பது கடினம், ஆறு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். வெள்ளைத் தண்டு அஸ்பாரகஸ் அறுவடையும் அப்போதுதான், மணல் மண்ணில் நன்றாக விளையும். சங்கீதம் பிடிக்குமானால் கோடையில் ஹிட்ஸாக்கர் இசை விழா, 1946 முதல் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் வந்தால் நேமிட்ஸ் புதர்வெளி முழுக்க ஊதாப் பூ. 1975 தீயில் எரிந்த காட்டின் ஒரு பகுதியை அப்படியே புதர்வெளியாக விட்டுவிட்டார்கள்.

லூனபர்க்கில் ரயில் ஏறி ஹிட்ஸாக்கரிலோ டானன்பெர்க்கிலோ இறங்கி, சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். எல்பெ கரை முழுக்கச் சமதரை, டிராவேன் பக்கம் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். ரயில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்றுதான், திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்து பள்ளி நேரத்தை ஒட்டி ஓடும். விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையும் அதை நம்பாதீர்கள். கையில் சில்லறை யூரோ வைத்திருங்கள்: பண்ணை வாசல்களில் உருளைக்கிழங்கு, முட்டை, தேன் எல்லாம் ஆளில்லாத மேசையில் இருக்கும், காசைத் தகர டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.